கல்லை உரைத்தறிந்தவர்

நுழையும்முன்

மலையடிவாரத்தில் கிடக்கும் கறுத்த கல் ஒன்று அளவுக்கு மீறிக் கனக்கிறது. உடைத்தால் உள்ளே மின்னுகிறது. அது இரும்புத் தாதுவா, பொன்னா, பயனற்ற பாறையா? நிறத்தை மட்டும் நம்பியவர் பலர் ஏமாந்திருக்கின்றனர். கல்லின் எடை, கோடு, உடைவு, அது கிடந்த இடம், அதன் அண்டைப் பாறை ஆகியவற்றைக் கொண்டு அதன் இயல்பை அறிந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். தாதுக்களைத் தேடிப் பழகிய அவருடைய கண்ணே இம்மண்ணின் மிகப் பழைய மனிதனையும் கண்டுபிடித்தது.

செந்நிலம்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், மேனாம்பேடு, ஆவடி, பூந்தமல்லி எனப் பரந்து கிடக்கும் சமவெளி இன்று தொழிற்கூடங்களாலும் குடியிருப்புகளாலும் நிறைந்துள்ளது. இந்நிலத்தைச் சூழ்ந்து, செங்குன்றத்திலும் திருவள்ளூரை ஒட்டிய மேட்டு நிலங்களிலும் செம்மண்ணும் செஞ்சரளையும் தலைகாட்டுகின்றன. செங்குன்றம் என்னும் பெயரே அந்நிறத்தால் அமைந்தது. வண்டிப்பாதைக்குக் கொட்டவும் சுவர் எழுப்பவும் பயன்பட்ட இக்கல்லை மக்கள் செம்புரைக்கல் என்பர். மலபாரின் அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட புக்கானன், 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் எனப் பெயரிட்டார்.

வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் பாறை நெடுங்காலம் சிதையும்போது அதிலுள்ள சிலிக்கா கரைந்து நீரோடு போய்விடுகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக எஞ்சி இறுகுகின்றன. ஆகவே செம்புரைக்கல்லும் உலோகம் பொதிந்த கல்லே. எனினும் சென்னையைச் சூழ்ந்த செஞ்சரளையை உருக்கி இரும்பு எடுப்பது இலாபம் தராது. அதனால் தாது தேடியவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் செஞ்சரளைக்குள் ஃபூட் கண்டெடுத்தது உலோகத்தைவிட அரிய ஒன்று.

இங்கிலாந்திலிருந்து சேலத்துக்கு

இங்கிலாந்தின் செல்ட்டன்காம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்த ஃபூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. நிலக்கரியும் உலோகத் தாதுக்களும் எங்கெங்கு உள்ளன என்று ஆட்சியாளர் அறிய விரும்பினர். அதற்காக 1851இல் தொடங்கப்பட்டதே அத்துறை. தாமசு ஓல்டாம் அதன் தலைவராக இருந்தார். சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட சிறு குழுவில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இடம்பெற்றனர்.

தமிழோடு ஃபூட்டுக்கு வாய்த்த உறவும் குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து நூலாக்கியவருமான பீட்டர் பெர்சிவலின் மகளையே ஃபூட் மணந்தார்.

குழுவினரின் முதற்பணிகளுள் ஒன்று சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் நிலவியல் வரைபடம். சேலத்து மலைகளின் இரும்பு உலகறிந்த ஒன்றாகவே அப்போது இருந்தது. உள்ளூர்க் கொல்லர்கள் மழைநீர் அடித்துக்கொண்டு வந்த கறுப்பு மணலை வாரி, களிமண் உலையில் கரியோடு இட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்துவந்தனர். அந்த இரும்பை நம்பியே ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகளை நிறுவியிருந்தார். கிங்கும் ஃபூட்டும் மலைமலையாக நடந்து, கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, சிங்கிப்பட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என இரும்புப் படுகைகளை ஐந்து தொகுதிகளாக வகுத்துக் காட்டினர். தாது எந்தத் திசையில் சாய்கிறது, எங்கே மடிகிறது, எங்கே மறைகிறது என்பனவெல்லாம் முறையாகப் பதிவாயின. அந்தப் பதிவில் நிலவியலாளர் பெயர்கள் நிலைத்துவிட்டன. கறுப்பு மணலைப் பார்த்தவுடன் இனம் கண்ட கொல்லர்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை.

கல்லை வினவும் முறை

இரும்புத் தாதுக்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேக்னடைட், ஹேமடைட் ஆகிய இரண்டும் கறுத்து, கனத்து, மின்னும் தோற்றம் கொண்டவை. கண்ணால் மட்டும் பார்ப்பவர் மயங்குவர். மெருகிடாத பீங்கான் துண்டின்மீது உரைத்தால் வேறுபாடு விளங்கும். மேக்னடைட் கறுப்புக் கோடு இடும். ஹேமடைட் செம்பழுப்புக் கோடு இடும். நீரேறிய துருத் தாதுவான லிமோனைட் மஞ்சட்பழுப்புக் கோடு இடும். கல்லின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் நிறம் மாறியிருக்கலாம்; அதன் பொடியின் நிறம் எளிதில் மாறாது. பொற்கொல்லர் கட்டளைக்கல்லில் பொன்னை உரைத்து மாற்று அறிவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் மேக்னடைட் ஈர்க்கப்படும். கஞ்சமலைத் தாது இவ்வகையைச் சேர்ந்தது. ஆயினும் அது தூய மேக்னடைட் அன்று. வெண்ணிறக் குவார்ட்சும் கருநிற மேக்னடைட்டும் பட்டை பட்டையாக மாறிமாறி அமைந்த பாறை. எனவே, ஒரு கருந்துண்டை மட்டும் சோதித்துவிட்டு மலை முழுவதும் இரும்பு என்று கணக்கிட்டால் கணக்குப் பிழைக்கும்.

சேலத்தில் மற்றொரு மயக்கமும் இருந்தது. நகருக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று கிடக்கும் கரடுகளை ஆங்கிலேயர் சுண்ணக் குன்றுகள் என்றே அழைத்தனர். அங்குள்ளது சுண்ணாம்புக்கல் அன்று. மக்னீசியம் என்னும் உலோகத்தைத் தன்னுள் கொண்ட மேக்னசைட். சுண்ணாம்புக்கல்லின்மீது நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் உடனே நுரைத்துப் பொங்கும். மேக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தில் வாளாவிருக்கும், சூடேற்றினால்தான் நுரைக்கும். மக்கள் அதனை வெள்ளைக்கல் என்று மட்டும் கூறிவந்தனர். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் கூறாத அப்பெயர், ஆங்கிலப் பெயரைவிடப் பொருத்தமானதே.

இச்சோதனைகள் எல்லாம் கையில் உள்ள கல்லைப் பற்றியவை. ஃபூட்டின் திறன் இதற்கு அடுத்த கேள்வியில் விளங்கியது. இந்தக் கல் இங்கே எப்படி வந்தது என்பதே அக்கேள்வி.

பல்லாவரத்துக் கல்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலில் சரளை தோண்டிய சிறு குழியருகே குவிந்து கிடந்த கற்களை ஃபூட் நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று அவர் கண்ணில் தனித்துப் பட்டது. அது குவார்ட்சைட் என்னும் கடினமான கல். ஓரங்களில் சில்லுகள் பெயர்க்கப்பட்ட தழும்புகள் இருந்தன.

பல்லாவரத்துக் குன்று குவார்ட்சைட்டால் ஆனதன்று. பின்னாளில் சார்னகைட் என்று ஹாலந்து பெயரிட்ட கருநிறப் பாறையே அங்கு உள்ளது. ஆதலால் அக்கல் அவ்விடத்துக்கு உரியதன்று, வேறெங்கிருந்தோ வந்தது. நீர் உருட்டி வந்திருந்தால் அதன் முனைகள் மழுங்கியிருக்க வேண்டும். தழும்புகளும் தாறுமாறாக இருக்க வேண்டும். இக்கல்லிலோ ஒரு முனையும் கூரிய விளிம்பும் உருவாகும்படி, சில்லுகள் ஓர் ஒழுங்கில் பெயர்ந்திருந்தன. அவ்வாறு செய்யவல்லது மனிதக் கை மட்டுமே.

பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று பிரஸ்ட்விச், ஜான் எவன்சு ஆகிய இருவரும் 1859இல் நேரில் சென்று உறுதிப்படுத்தியிருந்தனர். மனித இனத்தின் பழைமை ஒருசில ஆயிரம் ஆண்டுகளே என்று கருதிவந்த ஐரோப்பா அதனால் அதிர்ந்துபோயிருந்தது. அச்செய்தியைப் படித்தறிந்த ஃபூட், இந்தியாவிலும் அத்தகைய கருவிகள் கிடைக்கக்கூடும் என்னும் எண்ணத்தோடே இருந்தார். எனினும் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றை எழுதிவிட முடியாது. குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட கல் எந்தப் படுகைக்கு உரியது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? கஞ்சமலையின் ஒரு துண்டு மலை முழுமைக்கும் சான்றாகாததைப் போன்றதே இதுவும்.

விடை நான்கு மாதங்களில் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ஃபூட்டும் கிங்கும் கொற்றலை ஆற்றங்கரையை ஒட்டிய அதிரம்பாக்கத்தில் ஓடை அரித்த பள்ளங்களை ஆராய்ந்தனர். அங்கே கைக்கோடரிகளும் பிளப்பான்களும் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் சில மேற்பரப்பில் கிடவாமல் செம்புரைச் சரளைக்குள் பொதிந்தே இருந்தன. இதனால் கருவிகளின் பழைமையும் சரளையின் பழைமையும் ஒன்றோடொன்று பிணைந்தன. அவை செய்யப்பட்ட குவார்ட்சைட் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அருகிலேயே விடை இருந்தது. அல்லிக்குழி மலைத்தொடரின் திரள்பாறைகளில் குவார்ட்சைட் உருளைக்கற்கள் ஏராளமாக உள்ளன. கருவிக்கு ஏற்ற கல் எது என்பதைத் தேர்ந்தறிந்த அந்தத் தொல்மனிதனும் ஒருவகையில் கற்களை உரைத்தறிந்தவனே.

1866இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழில் ஃபூட் இவற்றை விரிவாக எழுதினார். சென்னை, வட ஆர்க்காடு மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. மேனாம்பேடும் அம்பத்தூரும் உள்ளிட்ட மேற்குச் சமவெளி அந்நில அளவைக்குள் அடங்கியதே.

பொன்வேட்டையும் பொறுமையும்

ஃபூட்டின் பணி பின்னர் கருநாடகப் பகுதிக்கு நகர்ந்தது. அன்றைய தார்வார் மாவட்டத்தில் கதக் நகருக்கு அருகே தம்பல் குன்றுகள் உள்ளன. அங்கு ஓடைமணலை அரித்துப் பொன் எடுத்து வாழ்ந்த சாலகர் என்னும் மக்கள் இருந்தனர். மரத்தட்டில் மணலையும் நீரையும் இட்டுச் சுழற்றினால் எடை குறைந்த மணல் வெளியேறும். கறுப்பு மேக்னடைட்டும் பொன்துகளும் அடியில் தங்கும். குவார்ட்சு நீரைவிட ஏறக்குறைய 2.65 மடங்கும், மேக்னடைட் 5.2 மடங்கும், பொன் 19.3 மடங்கும் எடை கொண்டவை. அத்தொழில் முழுவதும் இவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

பொன்னென மயக்கும் பொருள்களும் பல. பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது பொன்போலவே மஞ்சளாக மின்னும். ஆனால் சுத்தியால் தட்டினால் நொறுங்கும்; உரைத்தால் கறுப்புக் கோடு இடும். பொன் நொறுங்காது, தட்டையாகும். அதன் கோடும் பொன்னிறமே. அப்பிரகத் துகளும் வெயிலில் பளபளக்கும். தட்டைச் சுழற்றியவுடன் நீரோடு போய்விடும்.

ஓடையில் பொன் உண்டு என்பதைச் சாலகர்கள் வழிவழியாக அறிந்திருந்தனர். அந்தப் பொன் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதே ஃபூட்டின் கேள்வி. ஓடைகளைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து சென்று, எந்த ஓடை எந்தப் பாறைமீது பாய்கிறது என்று ஒப்பிட்டார். சொரட்டூர்ப் பகுதியின் பசுநிறச் சிஸ்ட் பாறைகள்மீது பாயும் ஓடைகளில்தான் பொன் காணப்பட்டது. 1874இல் இதனை அவர் வெளியிட்டார். அப்பாறைகளை ஊடுருவிய குவார்ட்சு நரம்புகளில் பொன் இருக்கக்கூடும் என்றாலும், தோண்டினால் பொருள் குவியும் என்னும் ஆசை வார்த்தை எதனையும் அவர் சேர்க்கவில்லை.

அந்த அடக்கத்தின் அருமை சில ஆண்டுகளில் விளங்கியது. 1880ஐ ஒட்டி வயநாட்டில் பொன்வேட்டை மூண்டது. இலண்டனில் நிறுவனங்கள் அடுத்தடுத்து முளைத்தன. காப்பித் தோட்டங்கள் பொன்வயல்கள் என்று கைமாறின. குவார்ட்சு நரம்பைக் கண்டவர்கள் எல்லாம் பொன்னைக் கண்டதாகவே எண்ணினர். தேர்ந்தெடுத்த சில துண்டுகளைச் சோதித்துப் பெற்ற அளவை முழுப் பாறைக்கும் ஏற்றிக் கணக்கிட்டனர். ஓரிரு ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. இயந்திரங்கள் காட்டில் துருப்பிடித்தன. பங்கு வாங்கியவர்களின் சேமிப்பு கரைந்துபோயிற்று. அதே வேளையில் கோலாரில் தொடங்கிய சுரங்கங்கள் தொடக்கத் தடுமாற்றத்துக்குப்பின் நிலைபெற்று, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொன் தந்தன. ஓரிடத்தில் கிடைத்ததும் மற்றோரிடத்தில் கைவிட்டதும் வெறும் ஊழ்தானா?

தார்வார் பாறைத்தொகுதி

ஃபூட் மைசூர்ப் பகுதியின் பொன்வயல்களைக் குறுக்கே கடந்து ஆராய்ந்து 1882இல் குறிப்பு வெளியிட்டார். பின்னர் பெல்லாரி, அனந்தப்பூர்ப் பகுதிகளை அளந்தார். தம்பல் குன்றுகளில் கண்ட அதே பசுநிறச் சிஸ்ட் பாறைகள், அதே இரும்புப் பட்டைகளோடு, நீண்டு குறுகிய பட்டைகளாகத் தென்னிந்தியாவின் நடுவே வடக்கும் தெற்குமாக ஓடுவதை அவர் கண்டார். இவை அடித்தளமான நைஸ் பாறைகளிலிருந்து வேறுபட்ட தனித்தொகுதி என்றும், மடிப்புண்டு அவற்றினிடையே இறுகிக் கிடப்பவை என்றும் உணர்ந்து, அதற்குத் தார்வார் தொகுதி என்று பெயரிட்டார். தென்னிந்தியாவில் பொன் பொதிந்த முதன்மைப் பாறைத்தொகுதி இதுவே என்று 1888, 1889ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் நிறுவினார்.

அதுவரை பொன் தேடுவோர் மின்னும் துண்டையும் பழைய குழிகளையும் ஊரார் சொல்லையும் நம்பி அலைந்தனர். இனி எங்கே தேட வேண்டும், எங்கே தேடக் கூடாது என்பதற்கு ஒரு வரைபடம் இருந்தது. கோலாரும் தார்வார்ப் பட்டைகளுள் ஒன்றே. தார்வார்ப் பட்டை முழுவதும் பொன் இருக்கும் என்று ஃபூட் கூறவில்லை. கருங்கல் வெளியில் பொன் தேடிப் பணத்தை இழக்க வேண்டாம் என்பதை மட்டும் அவ்வரைபடம் தெளிவாகக் காட்டியது. அறிவியல் தரும் நன்மைகளுள் இத்தகைய மறுப்புகளுக்கு உரிய மதிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

1895இல் வெளிவந்த பெல்லாரி மாவட்ட நிலவியல் நூலில் சண்டூர் மலைகளின் செறிந்த ஹேமடைட் வளத்தை அவர் விவரித்தார். இன்று இந்தியாவின் முதன்மையான இரும்புச் சுரங்கப் பகுதிகளுள் அதுவும் ஒன்று.

சாம்பல் மேடுகள்

பெல்லாரிப் பகுதியில் ஃபூட்டை ஈர்த்த மற்றொரு புதிர் உண்டு. குடத்தினி, கப்கல் முதலிய இடங்களில் சாம்பலும் உருகி இறுகிய கட்டிகளும் கொண்ட பெரும் மேடுகள் இருந்தன. அக்கட்டிகள் பார்வைக்கு இரும்புலையின் கசடு போன்றவை. எரிமலைச் சாம்பல் என்றனர் சிலர். பழங்காலத்து உலைக்களம் என்றனர் வேறு சிலர். அம்பிக்கு அருகிலுள்ள நிம்பாபுரத்து மேடு வாலியை எரியூட்டிய இடம் என்பது மக்கள் நம்பிக்கை.

ஃபூட் இங்கும் கல்லின் அண்டையையே நோக்கினார். உலைக்களமாயின் தாதுவும் உலைச்சுவரும் எங்கே? எரிமலையாயின் அதன் வாயும் குழம்புப் பாறையும் எங்கே? மேடுகளைச் சுற்றிக் கிடைத்தவை மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளும் மட்பாண்டத் துண்டுகளும் கால்நடை எலும்புகளுமே. ஆகவே இவை கற்கால ஆயர்களின் மாட்டுத் தொழுவங்களில் குவிந்து எரிந்த சாணத்தின் சாம்பல் என்று அவர் முடிவு செய்தார். மாட்டுச் சாணத்தில் உள்ள சிலிக்கா கடும் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் இறுகும். அதுவே கசடெனத் தோன்றியது. 1957இல் ஆல்ச்சின் உட்னூரில் நடத்திய அகழாய்வும், 1960இல் சாய்னர் வெளியிட்ட ஆய்வும் அம்முடிவை உறுதிசெய்தன. பிறர் உலோகக் கசடு என்று மயங்கிய பொருளை உலோகமன்று என்று இனம் காண்பதற்கும் உலோகத்தை நன்கு அறிந்த கண்தான் தேவைப்பட்டது.

இறுதிக்காலம்

முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி 1891இல் ஓய்வு பெற்ற ஃபூட், பரோடா அரசின் நிலவியலாளராகவும், 1894இல் தொடங்கப்பட்ட மைசூர் அரசின் நிலவியல் துறைக்கு முதல் தலைவராகவும் பணிபுரிந்தார். ஏற்காட்டில் இல்லம் அமைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த கற்கருவிகளையும் மட்பாண்டங்களையும் வகைப்படுத்தினார். அத்தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்குப் பெற்றது. அதன் விளக்கப் பட்டியலை எழுதும் பணியில் இறுதிவரை ஈடுபட்டிருந்த அவர், 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கொல்கத்தாவில் மறைந்தார்.

அதிரம்பாக்கத்துக் கருவிகள் எத்தனை ஆண்டுப் பழைமை உடையன என்பதை அளக்கும் கருவி அவர் காலத்தில் இல்லை. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்து, புதைந்த கற்கள்மீது விண்கதிர்கள் விட்டுச்சென்ற தடங்களை அளந்தனர். அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர்.

ஃபூட்டின் பட்டியல் அவர் மறைவுக்குப் பின்னரே, 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக அச்சேறியது. அதில் கல்லின் வடிவமும் இனமும் மட்டும் குறிக்கப்படவில்லை. மாவட்டம் மாவட்டமாக, அது கிடைத்த ஊரின் பெயரும் உடன் எழுதப்பட்டுள்ளது.